டாக்புக் எக்ஸ்எஸ்எல் மதிப்புரை: ‘முந்தைய, அடுத்த’ இணைப்புகளில் மூளை அபாரம், முகம் பழசு

பெரிய கையேடு ஒன்றை எக்ஸ்எம்எல்லில் ஒரே நூலாக எழுதிவிட்டு, அதை நூற்றுக்கணக்கான எச்டிஎம்எல் பக்கங்களாக வெட்ட வேண்டும் என்றால் பலரும் முதலில் கைவைப்பது டாக்புக் எக்ஸ்எஸ்எல் ஸ்டைல்ஷீட் தொகுப்பில்தான். டாக்புக் என்பது நூல்களையும் கையேடுகளையும் எழுதுவதற்கான எக்ஸ்எம்எல் வடிவம்; அதைப் பக்கங்களாக மாற்றும் விதிகளின் தொகுப்பு இது. நார்மன் வால்ஷ் தொடங்கி வைத்தது. இலவசம். டெபியன் லினக்ஸில் டாக்புக்-எக்ஸ்எஸ்எல் என்ற பொட்டலமாகவே கிடைக்கிறது. புழக்கத்தில் உள்ள 1.79.2 பதிப்பு 2016-இல் வந்தது. அடியில் இருப்பதோ எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான, 1999-இல் தரமாக அறிவிக்கப்பட்ட எக்ஸ்எஸ்எல்டி 1.0.

முழுத் தொகுப்பையும் இங்கே அலசப் போவதில்லை. பக்கத்தின் தலையிலும் காலிலும் வரும் ‘முந்தைய’, ‘அடுத்த’ இணைப்புகளை அது எப்படி உண்டாக்குகிறது என்ற ஒரு பகுதி மட்டும்தான். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தப் பக்கத்துக்குப் பின் எது வரும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு அபாரமானது, அதைத் தொடவே வேண்டாம். அந்தக் கணக்கின் விடையைத் திரையில் காட்டும் அட்டவணை அரதப் பழசு, அதைக் கழற்றிவிட்டுச் சொந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். நூல் பெரிதானால் தொகுப்பிலேயே உள்ள, வேகமான சங்க்ஃபாஸ்ட் கோப்புக்கு மாறுங்கள்.

ஒரு குறிப்பு: கட்டளைகள், டெம்ப்ளேட் (மாற்றும் விதி ஒன்றை எழுதிய துண்டு) பெயர்கள் எல்லாம் கீழே ஒலிபெயர்ப்பில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள். புள்ளி, கோடு, அடைப்பு எல்லாம் இங்கே உள்ளபடியே.

வரிசைக் கணக்கு

எக்ஸ்எஸ்எல்டி புதிதாகக் கற்பவர் எல்லாரும் முதலில் எழுதுவது ப்ரிசீடிங்-சிப்லிங்::சாப்டர்[1] என்பதைத்தான்; முன்னால் உள்ள உடன்பிறப்பு அத்தியாயங்களில் மிக அருகில் உள்ளது என்று பொருள். அத்தியாயங்கள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கும்வரை அது ஓடும். நூலைப் பாகங்களாகப் பிரித்த மறுநிமிடம் படுத்துவிடும். பாகம் 1-இல் அத்தியாயம் 1, 2. பாகம் 2-இல் அத்தியாயம் 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் 3-க்கு முன்னால் உடன்பிறப்பு யாரும் இல்லை, ஆகவே ‘முந்தைய’ இணைப்பே வராது.

சரி, சிப்லிங்கை எடுத்துவிட்டு ப்ரிசீடிங்::சாப்டர்[1] என்று போட்டால்? இப்போது அத்தியாயம் 2 கிடைக்கும். அதுவும் தப்பு. நடுவில் பாகம் 2-இன் முகப்புப் பக்கம் இருக்கிறதே! அது அத்தியாயம் 3-இன் தாய். ப்ரிசீடிங் அச்சு (தேடும் திசை) மூதாதையரைச் சேர்த்துக்கொள்ளாது; உறுப்புகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தின் இலக்கணமே அப்படி. மறுபக்கம் ஃபாலோயிங் அச்சு சந்ததியைச் சேர்த்துக்கொள்ளாது. பாகம் 1-இன் முகப்பில் நின்று ஃபாலோயிங்::சாப்டர்[1] என்று கேட்டால் அத்தியாயம் 1, 2 இரண்டையும் தாண்டிக் குதித்து அத்தியாயம் 3-ஐக் கொண்டுவந்து கொடுக்கும்.

டாக்புக் இதைத் தீர்க்கும் விதம்தான் இந்தத் தொகுப்பிலேயே அழகான இடம். தனிப் பக்கமாகக் கூடிய ஒவ்வோர் உறுப்பு (பாகம், அத்தியாயம் போன்ற எக்ஸ்எம்எல் குறிச்சொல்) வகையிலும் மிக அருகில் உள்ள ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் குழாய்க் குறியால் ஒன்றாகச் சேர்த்து, அடைப்புக்குள் போட்டு, கடைசியைப் பொறுக்குகிறது. சுருக்கி எழுதினால்:

(ப்ரிசீடிங்::பார்ட்[1] | ப்ரிசீடிங்::சாப்டர்[1] | ஆன்செஸ்டர்::பார்ட்[1])[லாஸ்ட்()]

அத்தியாயம் 3-இல் நின்று இதைக் கணக்கிட்டால் மூன்று பேர் வருவார்கள்: பாகம் 1, அத்தியாயம் 2, பாகம் 2. சேர்த்த தொகுதி எப்போதும் ஆவண வரிசையில் (கோப்பில் வரும் வரிசையில்) அமைவதால் கடைசியாக நிற்பது பாகம் 2. அதுதான் நமக்கு வேண்டியது. ‘அடுத்த’ இணைப்புக்கு டிசென்டென்ட், ஃபாலோயிங் இரண்டையும் சேர்த்து முதலாவதை எடுத்தால் முடிந்தது.

அடைப்புக்குறி விஷயத்தில் கவனம் வேண்டும். ப்ரிசீடிங்::சாப்டர்[1] என்பது பின்னோக்கி எண்ணும், எனவே மிக அருகில் உள்ள அத்தியாயம் வரும். (ப்ரிசீடிங்::சாப்டர்)[1] என்று அடைப்புக்குள் போட்டுவிட்டால் எண்ணிக்கை ஆவண வரிசைக்கு மாறி, நூலின் முதல் அத்தியாயம் வந்து நிற்கும். ‘முந்தைய’ பொத்தானை எங்கே அழுத்தினாலும் அத்தியாயம் 1-க்கே போகிறது என்றால் வேறெங்கும் தேடாதீர்கள், இந்த அடைப்பைப் பாருங்கள்.

மூலக் கோப்பைத் திறந்து பார்த்தால் இன்னொரு நுணுக்கம் தெரியும். துணைநூற் பட்டியலுக்கு வரும்போது, பெற்றோர் கட்டுரையா, நூலா, பாகமா என்ற நிபந்தனையை முதலில் போட்டு, பிறகுதான் [1] போடுகிறார்கள். அத்தியாயத்துக்குள்ளேயே இருக்கும் துணைநூற் பட்டியல் தனிப் பக்கம் ஆகாது என்பதால் இந்த வடிகட்டல். இரண்டு நிபந்தனைகளையும் இடம் மாற்றினால், அருகில் உள்ள பட்டியலை எடுத்துவிட்டுப் பிறகு சோதிக்கும். அது அத்தியாயத்துக்குள் இருப்பதாக இருந்தால் விடை வெறுமை. நூல் கடைசியில் வரும் சொல்லடைவுக்கும் இதேபோல ஒரு காவல் உண்டு: சொல்லடைவு உருவாக்குவதை, அமைப்பை மாற்றும் அளபுருவில் அணைத்திருந்தால் அது வரிசையிலிருந்தும் விலகிவிடும். இதையெல்லாம் சொந்தமாக எழுதி, சோதித்து, திருத்த உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். தொகுப்பின் மதிப்பே இங்கேதான்.

இயல்பு அமைப்பில் பலரைக் குழப்பும் ஒன்று: அத்தியாயப் பக்கத்திலிருந்து ‘அடுத்த’ அழுத்தினால் இரண்டாவது பிரிவுக்குப் போகும். பிழை இல்லை. பிரிவுகளை எத்தனை ஆழம்வரை வெட்டுவது என்று சொல்லும் சங்க்.செக்ஷன்.டெப்த் இயல்பாக 1, சங்க்.ஃபர்ஸ்ட்.செக்ஷன்ஸ் இயல்பாக 0. அதனால் முதல் பிரிவு அத்தியாயப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் தனியாக வெட்ட வேண்டுமானால் பின்னதை 1 ஆக்குங்கள். வரிசைக் கணக்கு தானாகச் சரிசெய்துகொள்ளும்.

வேகம்

இத்தனை அழகுக்கும் விலை உண்டு. ப்ரிசீடிங், ஃபாலோயிங் இரண்டும் முழு ஆவணத்தையும் துழாவக்கூடியவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை துழாவினால், பக்கம் இரு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஐம்பது பக்கக் கையேட்டில் யாரும் உணரமாட்டார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

சங்க்ஃபாஸ்ட்.எக்ஸ்எஸ்எல் இதற்கான மாற்று. தொடக்கத்திலேயே நூலை ஒருமுறை நடந்து, எவையெல்லாம் தனிப் பக்கமோ அவற்றை மட்டும் கொண்ட சின்ன மரம் ஒன்றை நினைவகத்தில் கட்டுகிறது. ‘முந்தைய’வும் ‘அடுத்த’வும் அந்தச் சின்ன மரத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டு, ஜெனரேட்-ஐடி தரும் அடையாளத்தின் வழியாக உண்மையான உறுப்புக்குப் போகின்றன. மாற்ற வேண்டியது இம்போர்ட் வரியில் ஒரு கோப்பின் பெயர்தான். நினைவகத்தில் கட்டிய மரத்தைத் தேடக்கூடியதாக்கும் நோட்-செட் என்ற நீட்சிச் செயற்கூறு இருந்தால்தான் இது ஓடும். எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் கருவிகளான எக்ஸ்எஸ்எல்டிபிராக்கிலும் சாக்சனிலும் இருக்கிறது. இல்லாத கருவியில் ஓட்டினால் ஓர் எச்சரிக்கையைத் தந்துவிட்டுப் பழைய மெதுவான வழிக்கே திரும்பிவிடும், கட்டுமானம் நிற்காது. நல்ல பண்பு. ஆனால் எச்சரிக்கை நூற்றுக்கணக்கான ‘கோப்பு எழுதப்பட்டது’ வரிகளுக்கு நடுவே புதைந்துபோகும், ஆகவே முதல் சில வரிகளைப் படியுங்கள்.

இதே உத்தியைச் சொந்த ஸ்டைல்ஷீட்டில் கையாள நினைப்பவர்கள் ஓரிடத்தில் முட்டிக்கொள்வார்கள். எக்ஸ்எஸ்எல்டி 1.0-இல், அடையாளத்தை வைத்து உறுப்பைத் தேடும் கீ() செயற்கூறு, நடப்பு உறுப்பு எந்த ஆவணத்தில் இருக்கிறதோ அதில் மட்டும்தான் தேடும். சின்ன மரம் தனி ஆவணம். அதில் நின்றுகொண்டு மூல நூலின் உறுப்பைக் கேட்டால் வெறுமைதான் வரும், பிழைச் செய்திகூட வராது. ஃபார்-ஈச் போட்டு அந்தந்த ஆவணத்துக்குள் நுழைந்த பிறகே கீ()-யை அழைக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ஆவணக் குழுவும் இந்தத் தொகுப்பைத்தான் பயன்படுத்துகிறது. மெதுவான டெம்ப்ளேட்டுகளை வேகத்துக்காக மாற்றி எழுதிய தனிக் கோப்பே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கையேட்டின் தலைப்பட்டையில் இருக்கும் ‘மேலே’, ‘முகப்பு’ இணைப்புகளும் மூலத் தொகுப்பின் தலைப்பட்டையில் கிடையாது, அவர்களே சேர்த்தவை.

முகம்

இயல்பாக வரும் தலைப்பட்டை ஓர் அட்டவணை. மேல் வரிசையில் பக்கத்தின் தலைப்பு. கீழ் வரிசையில் இடப்பக்கம் 20 விழுக்காடு அகலத்தில் ‘முந்தைய’, நடுவில் 60-இல் அத்தியாயத்தின் பெயர், வலப்பக்கம் 20-இல் ‘அடுத்த’. அடிப்பட்டை 40, 20, 40. இங்கே முந்தைய, அடுத்த பக்கங்களின் தலைப்புகளும் வரும். அகலமும் ஒழுங்கும் குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. கைபேசியில் பார்த்தால், குறிப்பாகத் தமிழ்த் தலைப்புகள் நீளமாக இருந்தால், ஒடுங்கிய பத்திகளில் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக உடைந்து தொங்கும். சிஎஸ்எஸ் போட்டு அட்டவணையை வளைக்கலாம்தான், ஆனால் மாற்றி எழுதுவது அதைவிடச் சுலபம்.

வேண்டாம் என்றால் அணைக்க விசைகள் உண்டு: சப்ரெஸ்.நேவிகேஷன் எல்லாவற்றையும் அணைக்கும்; சப்ரெஸ்.ஹெடர்.நேவிகேஷன், சப்ரெஸ்.ஃபுட்டர்.நேவிகேஷன் தனித்தனியே. கோடு வேண்டாமென்றால் ஹெடர்.ரூல், ஃபுட்டர்.ரூல் இரண்டையும் 0 ஆக்குங்கள். சொல்லுக்குப் பதில் அம்புப் படம் போட நேவிக்.கிராஃபிக்ஸ் என்றும் ஒன்று இருக்கிறது. இயல்பான படக் கோப்பு வகை ஜிஃப் என்பதே அதன் வயதைச் சொல்லிவிடும்.

மாற்றி எழுதுவதற்குச் சொந்தக் கோப்பு ஒன்றைத் திறந்து, சங்க்ஃபாஸ்ட்டை இம்போர்ட் செய்து, ஹெடர்.நேவிகேஷன் என்ற பெயரிலேயே டெம்ப்ளேட் எழுதுங்கள். ப்ரெவ், நெக்ஸ்ட் என்று இரண்டு அளபுருக்களை அது வாங்க வேண்டும். மூலத்தில் இவற்றின் இயல்பு மதிப்பு /ஃபூ என்று வினோதமாக இருக்கும். அது கேலி இல்லை: எக்ஸ்பாத் 1.0-இல் வெறும் உறுப்புத் தொகுதியை நேரடியாக எழுத வழி கிடையாது, ஃபூ என்ற வேர் எந்த நூலிலும் இருக்காது என்பதால் அது வெறுமையைத் தருகிறது. நீங்கள் அங்கே வெறும் மேற்கோள் குறி போட்டு வைத்தால் அது சரம் ஆகிவிடும். கவுண்ட்($ப்ரெவ்) பிழை காட்டும்.

உள்ளே இரண்டு இஃப். கவுண்ட்($ப்ரெவ்) > 0 என்றால் ஓர் இணைப்பு, கவுண்ட்($நெக்ஸ்ட்) > 0 என்றால் ஓர் இணைப்பு. முகவரிக்கு எச்ரெஃப்.டார்கெட் டெம்ப்ளேட்டை அழைத்து, ஆப்ஜெக்ட் என்ற அளபுருவில் $நெக்ஸ்ட்டைக் கொடுங்கள். கோப்புப் பெயரை நீங்களே ஒட்டிச் சேர்க்காதீர்கள்; பக்கங்கள் வெவ்வேறு அடைவுகளில் (கோப்புறைகளில்) விழும்போது சார்புப் பாதையை அந்த டெம்ப்ளேட்தான் கணக்கிடுகிறது. அதை அழைக்கும் இடத்தில் நடப்பு உறுப்பு நடப்புப் பக்கமாகவே இருக்க வேண்டும். வசதிக்காக $நெக்ஸ்ட் மீது ஃபார்-ஈச் போட்டு உள்ளே நுழைந்து அழைத்தால், ‘இங்கிருந்து அங்கே’ என்பதற்குப் பதில் ‘அங்கிருந்து அங்கே’ என்று பாதை வரும். எல்லாப் பக்கமும் ஒரே அடைவில் இருக்கும்வரை இந்தத் தப்பு வெளியே தெரியாது.

தலைப்பு எழுத்துக்கு $நெக்ஸ்ட்டை ஆப்ஜெக்ட்.டைட்டில்.மார்க்கப்.டெக்ஸ்ட்ஒன்லி என்ற மோடில் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் செய்யுங்கள். மூலம் பயன்படுத்தும் மோடில் டெக்ஸ்ட்ஒன்லி கிடையாது. தலைப்புக்குள் வேறு பக்கத்துக்கு இணைப்பு இருந்தால், இணைப்புக்குள் இணைப்பு என்று செல்லாத எச்டிஎம்எல் உருவாகிவிடும். சாய்வெழுத்து போய்விடுமே என்றால், போகட்டும், பொத்தானில் அது எதற்கு?

ஃபுட்டர்.நேவிகேஷனும் இதே கதைதான். மூலத்தில் இணைப்புகளுக்கு பி, என், யு, எச் என்ற குறுக்கு விசைகள் இருக்கின்றன. புதிதாக எழுதும்போது பலரும் இவற்றை மறந்துவிடுகிறார்கள். விசைப்பலகையால் நீண்ட கையேட்டைப் புரட்டுபவர்களுக்கு அவை பெரிய உதவி.

பக்கத்தின் ஹெட் பகுதியில் லிங்க் குறிச்சொற்களாகவும் ப்ரெவ், நெக்ஸ்ட் வரும். கூகுள் பல ஆண்டுகளாகவே இவற்றைத் தேடல் அட்டவணைக்குப் பயன்படுத்தவில்லை என்று 2019-இல் சொல்லிவிட்டது. கெடுதல் இல்லை, இருக்கட்டும்.

எங்கே கவிழும்

முக்கியமான பள்ளம் இது. மேலே சொன்ன சொந்தக் கோப்பில் பெயருள்ள டெம்ப்ளேட்டுகளை மட்டும் வையுங்கள். ‘அத்தியாயத்தின் தோற்றத்தையும் மாற்றிவிடலாம்’ என்று மேட்ச்="சாப்டர்" என ஒன்று எழுதினால், அது பக்கம் வெட்டும் டெம்ப்ளேட்டை மிஞ்சிவிடும். அத்தியாயம் தனிக் கோப்பாக வெட்டப்படாது. ஆனால் வரிசைக் கணக்குக்கு அது தெரியாது, அந்த அத்தியாயத்தைத் தனிப் பக்கமாகவே எண்ணிக்கொண்டிருக்கும். விளைவு: இல்லாத கோப்புக்கு ‘அடுத்த’ இணைப்பு. இதற்கு மாற்று மருந்து, உறுப்பு டெம்ப்ளேட்டுகளைத் தனிக் கோப்பில் வைத்து, அதில் டாக்புக்.எக்ஸ்எஸ்எல்லை மட்டும் இம்போர்ட் செய்வது. பிறகு இன்னொரு கோப்பில் அந்தத் தனிக் கோப்பு, சங்க்-காமன்.எக்ஸ்எஸ்எல் என்ற வரிசையில் இம்போர்ட்; சங்க்-கோட்.எக்ஸ்எஸ்எல் மட்டும் இன்க்ளூட். இந்த அமைப்பில் சங்க்ஃபாஸ்ட் கோப்பு உள்ளே வராது, எனவே சங்க்.ஃபாஸ்ட் அளபுருவை நீங்களே 1 ஆக்க வேண்டும்.

டாக்புக் 5-க்கான பெயர்வெளித் தொகுப்பைப் பயன்படுத்தினால் எக்ஸ்பாத்தில் ஒவ்வொரு உறுப்புப் பெயருக்கும் முன்னொட்டு கட்டாயம். ஆன்செஸ்டர்::சாப்டர் என்று மொட்டையாக எழுதினால் எதுவும் பொருந்தாது, எச்சரிக்கையும் வராது. பழைய உதாரணங்களை ஒட்டிவிட்டு ‘ஏன் எதுவும் மாறவில்லை’ என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

கோப்புப் பெயர்களை இயல்பில் விட்டால் சிஎச்01, சிஎச்01எஸ்02 என்று எண் வைத்து வரும். நடுவில் ஓர் அத்தியாயத்தைச் செருகினால் பின்னால் உள்ள எல்லா முகவரியும் நகரும். வெளியே யாராவது கொடுத்த இணைப்பெல்லாம் வேறு பக்கத்துக்குப் போகும். யூஸ்.ஐடி.ஆஸ்.ஃபைல்நேம் அளபுருவை முதல் நாளே 1 ஆக்கி, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பிரிவுக்கும் ஐடி கொடுத்துவிடுங்கள். எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் -ஓ விசைக்குப் பின் அடைவின் பெயரைச் சாய்கோட்டோடு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிச் சொல்லைக் கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு பக்கங்களை ஓர் அடைவு மேலே கொட்டிவிடும்.

தமிழ் நூல் செய்பவர்களுக்கு இரண்டு. எச்டிஎம்எல் தொகுப்பின் வெளியீட்டுக் குறியாக்கம் இயல்பில் ஐஎஸ்ஓ-8859-1. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் எண் குறியீடாக மாறும். உலாவியில் சரியாகத் தெரியும், ஆனால் கோப்பு ஊதிப்போகும், உள்ளே தமிழில் தேடவும் முடியாது. சங்க்கர்.அவுட்புட்.என்கோடிங் அளபுருவை யுடிஎஃப்-8 ஆக்குங்கள். அடுத்து, நூலின் வேர் உறுப்பில் மொழி டிஏ என்று இருந்தால் தொகுப்பிலுள்ள தமிழ்க் கோப்பிலிருந்து பொத்தான் சொற்கள் வரும். அவை பிடிக்காவிட்டால் லோக்கல்.எல்10என்.எக்ஸ்எம்எல் அளபுருவில் டாக்குமென்ட்('') என்று கொடுத்து, அதே கோப்பில் நேவ்-ப்ரெவ், நேவ்-நெக்ஸ்ட் இரண்டு சாவிகளுக்கும் வேண்டிய சொல்லை எழுதலாம். டாக்குமென்ட்('') என்பது அந்த ஸ்டைல்ஷீட் கோப்பையே குறிக்கும். சொற்களை வேறு கோப்பில் வைத்தால் எடுத்துக்கொள்ளாது.

யாருக்கு வேண்டாம்

இருபது கட்டுரை உள்ள தட்டையான பட்டியலுக்கு இவ்வளவு பெரிய தொகுப்பு அதிகம். ஃபார்-ஈச்சும் உடன்பிறப்பு அச்சும் போதும். அங்கும் சில கண்ணிகள். எக்ஸ்எஸ்எல்டியில் மாறியின் மதிப்பை மாற்ற முடியாது, ஆகவே ‘முந்தையதை நினைவில் வைத்துக்கொள்’ என்ற பழக்கம் உதவாது. பட்டியலில் எத்தனையாவது என்று சொல்லும் பொசிஷன்()-ஐ நேரடியாக அடைப்புக்குள் போடாமல் முதலில் $போஸ் என்ற மாறியில் பிடித்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குள் போனதும் அது வேறு எண்ணாகிவிடும். பிறகு $பட்டியல்[$போஸ் - 1] என்று எழுதும்போது கழித்தல் குறிக்கு முன்னால் இடைவெளி விடுங்கள். ஒட்டி எழுதினால் ‘போஸ்-1’ என்றே ஒரு மாறியைத் தேடும், ஏனென்றால் பெயருக்குள் கோடு வரலாம். தேதி வாரியாக சார்ட் செய்த (வரிசைப்படுத்திய) பட்டியலில் உடன்பிறப்பு அச்சு உதவாது. அது திரையில் உள்ள வரிசையைப் பார்க்காது, மூலக் கோப்பின் வரிசையையே பார்க்கும். சார்ட் செய்ததை மாறியில் நகலெடுத்து, நோட்-செட் வழியாக அந்த நகலில் தேட வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள், சாக்சன் ஓட்டத் தயார் என்றால், நார்மன் வால்ஷே எக்ஸ்எஸ்எல்டி 3.0-இல் எழுதிய எக்ஸ்எஸ்எல்-டிஎன்ஜி தொகுப்பைப் பார்க்கலாம். வெளியீடு எச்டிஎம்எல்5, அட்டவணைத் தொல்லை இல்லை. ஆனால் பழைய தொகுப்புக்கு எழுதிய மாற்றங்கள் அதில் செல்லாது, மறுபடி எழுத வேண்டும். குரோம் எக்ஸ்எஸ்எல்டியை நீக்கப் போவதாக 2025-இல் அறிவித்ததைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது உலாவிக்குள் ஓடும் மாற்றத்தைப் பற்றியது. கட்டளை வரியில் முன்கூட்டியே பக்கங்களை உருவாக்குகிறவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை.

எந்த வழியில் போனாலும், கட்டி முடித்ததும் ஒரு சோதனை ஓட்டுங்கள். முதல் பக்கத்தில் தொடங்கி ‘அடுத்த’ இணைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். கடந்த பக்கங்களின் எண்ணிக்கை அடைவில் உள்ள எச்டிஎம்எல் கோப்புகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும், ‘அடுத்த’ பக்கத்தின் ‘முந்தைய’ இங்கேயே திரும்ப வேண்டும். சின்ன ஸ்கிரிப்ட் போதும். அறுந்தால் பாகம் மாறும் இடம், கடைசி அத்தியாயத்துக்கும் முதல் பின்னிணைப்புக்கும் நடு, அத்தியாயத்தின் முதல் பிரிவு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.